இலங்கையில் யானை பார்க்க: பின்னவலையா, உடவளவையா, மின்னேரியாவா?

ஆகஸ்டில் அக்கா குடும்பம் ரொறன்ரோவிலிருந்து வருகிறது. நல்லூர்த் தேர் பார்த்த கையோடு ஒரு கிழமை ஊர் சுற்றப் போகிறார்கள். போன மாதம் போனில் கதைக்கும்போது அக்கா கேட்டாள்: "அங்க யானையைக் குளிப்பாட்டலாமாம், குட்டிக்குப் பாலும் பருக்கலாமாம். சின்னவள் நாள் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டு திரியிறாள். நல்ல இடமாப் பார்த்து வையன், தங்கச்சி. யானையைக் கொடுமைப்படுத்துற இடம் மட்டும் வேண்டாம்."

யானையைக் குளிப்பாட்டவும் வேண்டும், கொடுமையும் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்காது என்பதை அக்காவுக்கு விளங்கப்படுத்தத்தான் எழுதத் தொடங்கினேன். எழுத எழுத நீண்டுவிட்டது. இதே கேள்வியோடு வருகிற வேறு குடும்பங்களும் இருக்கும் என்பதால் முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

நான் திருகோணமலையில் வளர்ந்தவள். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போகும்போது பின்னேரத்தில் வீதியோரம் யானை நிற்பது எங்களுக்குப் புதினமில்லை. பஸ் சாரதி விளக்கைக் குறைத்து, சத்தமில்லாமல் நிறுத்தி, அது கடக்கும்வரை காத்திருப்பார். பஸ்ஸுக்குள் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். எனக்கு யானையைப் பற்றிக் கிடைத்த முதல் பாடம் அந்த அமைதிதான். பிறகு பார்த்த இடங்களையெல்லாம் அந்த அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறேன்.

முதலில் இந்தத் தொடுகிற கதையைப் பேசிவிடுவோம். மாட்டையும் நாயையும் மனிதன் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகத் தன்னோடு வைத்துப் பெருக்கிப் பழக்கியெடுத்தான். யானை அப்படியல்ல. பாகன் சொல் கேட்கிற யானை ஒவ்வொன்றும் காட்டிலிருந்து பிடிபட்டது, அல்லது பிடிபட்டதன் பிள்ளை. மூவாயிரம் கிலோ எடையுள்ள ஓர் உயிர், முன்பின் தெரியாத ஒரு பிள்ளை தேங்காய்ப் பொச்சால் முதுகு தேய்த்து முடியும்வரை தண்ணீருக்குள் ஒருக்களித்து அசையாமல் படுத்துக் கிடக்கிறதென்றால், அது அந்தப் பிள்ளைமேல் வைத்த பாசத்தால் அல்ல. சொல்லுமுன் எழும்பினால் என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியும். அந்தப் பயத்தைக் குட்டியிலேயே உடம்பில் ஏற்றியிருப்பார்கள்.

பல வருடங்களுக்கு முன் கண்டிக்குப் போகும் வழியில் ஒரு தனியார் இடத்தில் இதைக் கிட்ட நின்று பார்த்தேன். பெயர் வேண்டாம். எங்களோடு வந்த பிள்ளைகளை ஏற்றுவதற்காக ஒரு பெண் யானையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிள்ளைகள் மேலே ஏறி ஆரவாரிக்க, நான் கீழே நின்று அதன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னங்காலில் சங்கிலி சுற்றுகிற இடத்தில் தோல் தேய்ந்து, ஒரு விரல் அகலத்துக்குப் பளபளவென்று மயிரில்லாமல் இருந்தது. காதுக்குப் பின்னால் ஆறிய புண்ணும் ஆறாத புண்ணும் அடுத்தடுத்து. அங்குசம் படுகிற இடம் அது. ஒவ்வொரு முறையும் பாகன் கையை உயர்த்தும்போது அந்தக் காது மெல்ல ஒருமுறை துடிக்கும். பாகன் அடிக்கவேயில்லை, கையை உயர்த்தியதோடு சரி. அன்று எடுத்த படம் இன்றும் வீட்டில் இருக்கிறது. படத்தில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எனக்கு அந்தக் காதுதான் தெரிகிறது.

ஆபத்தும் உண்டு. 2025 ஜனவரியில் தாய்லாந்தின் யாவோ யாய் தீவில், சுற்றுலாவுக்குப் போன ஸ்பெயின் நாட்டு இளம்பெண் ஒருவர் யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போதே அது தாக்கி இறந்துபோனார். அங்கேயும் சவாரிக்குப் பதிலாக இப்போது குளிப்பாட்டுவதைத்தான் 'மென்மையான' அனுபவம் என்று விற்கிறார்கள். இலங்கை அரசாங்கம் 2021இல் வளர்ப்பு யானைகளுக்கான ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது. நாளுக்கு இரண்டரை மணிநேரம் குளிக்க விட வேண்டும், ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் ஏற்றக் கூடாது, வேலை நேரத்தில் பாகன் குடித்திருக்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் இப்படி ஒரு விதி எழுத வேண்டி வந்ததே, அதற்கு முன் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைக் காட்டிவிடுகிறது.

ஆகவே சவாரி, குளிப்பாட்டல், கையால் உணவு கொடுத்துப் படமெடுத்தல் ஆகியவற்றை விற்கிற தனியார் இடங்களை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. வாசலில் 'சரணாலயம்' என்று எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பலகையில் என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த யானை இங்கே ஏன் வந்தது? இங்கிருந்து எங்கே போகப்போகிறது? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் மிச்ச எல்லாம் பூச்சுத்தான்.

சரி, இனி மிஞ்சியிருக்கிற இடங்களுக்கு வருவோம்.

பின்னவலையை ஒரே வரியில் தள்ளிவிடுவது நியாயமில்லை. கேகாலைக்குக் கிட்ட, ஒரு தென்னந்தோட்டத்தில், 1975இல் வனஜீவராசிகள் திணைக்களம் ஐந்து குட்டிகளோடு தொடங்கிய அநாதை இல்லம் அது. தாய் செத்து, கிணற்றில் விழுந்து, கூட்டத்தைத் தவறவிட்டு அலைந்த குட்டிகளைக் காப்பாற்ற அந்தக் காலத்தில் நாட்டில் வேறு வழி இருக்கவில்லை. 1978இல் அது மிருகக்காட்சிச்சாலைத் திணைக்களத்தின் கைக்குப் போனது. எல்லாம் திசைமாறியது அங்கேதான் என்று நினைக்கிறேன். மிருகக்காட்சிச்சாலை நடத்துகிறவர்களின் பார்வை காட்சியை நோக்கித்தானே இருக்கும். 1982இல் இனப்பெருக்கத் திட்டம் தொடங்கி, 1984இல் முதல் குட்டி அங்கேயே பிறந்தது. 2021இல் சுரங்கி என்ற யானை இரட்டைக் குட்டி ஈன்றபோது, 1941க்குப் பிறகு இலங்கையில் நடந்த முதல் இரட்டைப் பிறப்பு என்று செய்திகளெல்லாம் கொண்டாடின. நானும் அந்தப் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்த இரண்டு குட்டிகளும் காட்டை அறியப்போவதில்லை. அநாதைகளுக்கென்று கட்டிய வீட்டில் பிள்ளைகள் பிறந்துகொண்டிருந்தால் அதை அநாதை இல்லம் என்று சொல்வது எப்படி? அங்கே வளர்ந்த யானைகள் விகாரைகளுக்கும் வெளிநாட்டு மிருகக்காட்சிச்சாலைகளுக்கும் கொடுக்கப்பட்டிருக்கின்றன. 2015இல் அஞ்சலி என்ற குட்டி நியூசிலாந்தின் ஓக்லாந்துக்குப் போனது அப்படித்தான்.

இன்று அங்கே அறுபதுக்கும் மேற்பட்ட யானைகள். நாளில் இரண்டு முறை வீதியைக் கடந்து, நினைவுப்பொருள் கடைகள் நெருக்கியடிக்கும் ஒரு சந்து வழியாக மகா ஓயாவுக்குக் கூட்டிப்போவார்கள். ஆற்றில் அவை நிற்பது அழகுதான், அதை மறுக்க முடியாது. அகன்ற பாறைகள், ஆழமில்லாத தண்ணீர், குட்டிகள் தாய்மாரின் வயிற்றுக்குக் கீழே புகுந்து புகுந்து வருவது. கரையில் உள்ள உணவகங்களின் மாடியிலிருந்து பார்த்தால் மனம் நிறைந்துவிடும். ஆனால் கீழே இறங்கிப் போனால் சங்கிலிச் சத்தம் கேட்கும். பெரிய ஆண் யானைகளைப் பாறையோடு கட்டியிருப்பார்கள். ஒரு பாகன் கண்ணால் கூப்பிடுவார், "வாங்க, தொடுங்க, போட்டோ" என்பார், பிறகு கை நீட்டுவார். அவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. சம்பளம் போதாத இடத்தில் யானையின் தும்பிக்கைதான் அவருக்கு மேலதிக வருமானம்.

ஒன்றை மட்டும் பின்னவலைக்குச் சாதகமாகச் சொல்லியாக வேண்டும். கண்ணிவெடியில் முன்னங்காலின் பாதத்தை இழந்த சாமா என்ற பெண் யானையையும், துப்பாக்கிச் சூட்டில் பார்வை போன ராஜா என்ற ஆண் யானையையும் வளர்த்தது அந்த இல்லம்தான். காட்டுக்குப் போக முடியாத யானைகள் எப்போதும் இருக்கும். யுத்தத்தில் நாங்கள் எதையெல்லாம் இழந்தோம் என்று கணக்குப் பார்க்கிற நாட்டில், மூன்று காலில் நின்ற அந்த யானையும் அந்தக் கணக்கில் ஒன்று. அப்படிப்பட்டவற்றுக்கு மட்டுமாக, சங்கிலி இல்லாமல் அந்தத் தென்னந்தோட்டம் இருந்திருந்தால் அக்காவை முதலில் அங்கேதான் அனுப்பியிருப்பேன்.

பின்னவலையின் உண்மையான கவர்ச்சி வேறு. அது கொழும்பு–கண்டி வீதிக்கு மிகக் கிட்ட. ரம்புக்கனை ரயில் நிலையத்தில் இறங்கினால் ஓட்டோவில் கொஞ்ச நேரம். "வழியிலதானே, ஒருக்காப் போட்டு வருவம்" என்று சாரதிமார் சொல்வார்கள். வருகிறவர்களில் பலர் தீர யோசித்து அதைத் தெரிவு செய்வதில்லை, வழியில் இருப்பதால் போகிறார்கள்.

உடவளவைக்கு அப்படித் தற்செயலாகப் போக முடியாது. கொழும்பிலிருந்து நான்கு மணிநேரம், திருகோணமலையிலிருந்து ஒரு முழுப் பகல். ஆனாலும் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரமிருக்கிறது என்றால் நான் சொல்வது இதைத்தான். அங்கே வனஜீவராசிகள் திணைக்களம் 1995இல் தொடங்கிய ஓர் இடம் இருக்கிறது. சிங்களத்தில் 'அத் அத்துரு செவன' என்று பெயர். யானைகள் இடைத்தங்கல் முகாம் என்று தமிழில் சொல்லலாம். யுத்தத்தில் இடம்பெயர்ந்து முகாம்களில் கிடந்த எங்கள் ஆட்களுக்கு இடைத்தங்கல் என்ற சொல் எவ்வளவு பாரமான சொல் என்று தெரியும். இங்கே அது அதன் நேர்ப் பொருளில் இருக்கிறது: தங்கிவிட்டுப் போகிற இடம்.

வேலை நடக்கிற விதம் இதுதான். தீவின் எந்தப் பகுதியிலாவது அநாதையாகிற குட்டியைக் கொண்டுவருவார்கள். தாயைச் சுட்டிருப்பார்கள், அல்லது குட்டி விவசாயக் கிணற்றில் விழுந்திருக்கும், சில வேளை கண்ணியில் கால் அறுபட்டிருக்கும். காயத்துக்கு மருந்து, இரவும் பகலுமாக மூன்று நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை பால். பால் குடிக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் குட்டிகள் தங்களுக்குள் கூட்டமாகத் தேசிய பூங்காவின் எல்லைக்குள் திரியும். புல் மேயும், சேற்றில் புரளும், சண்டை பிடிக்கும். மனிதர்களில் பால் ஊற்றுகிற சிலரைத் தவிர வேறு யாரோடும் அவற்றுக்குப் பழக்கமில்லை. அப்படி இருக்க வேண்டும் என்றுதான் எங்களைத் தூர வைக்கிறார்கள். சுமார் ஐந்து வயதானதும், ஒன்றாக வளர்ந்த குட்டிகளைக் கூட்டாகவே காட்டில் விடுவார்கள். 1998இல் முதல் தொகுதி போனது. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்டவை உடவளவை, மாதுறு ஓயா போன்ற காடுகளுக்குத் திரும்பியிருக்கின்றன. அப்படிப் போன பெண் யானைகளில் சில, காட்டில் தாமாகவே குட்டி ஈன்றிருக்கின்றன. நான் முன்னே சொன்ன இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இந்தத் தீவில் இல்லை.

பார்வையாளருக்குக் கிடைப்பது என்ன? ஒரு மேடை, ஒரு வேலி, அரைமணிநேரம். அவ்வளவுதான். ஆனால் அந்த அரைமணிநேரத்தை நான் மறக்கவில்லை. படலையை ஒருவர் திறந்துவிட, நாலைந்து குட்டிகள் காது விரித்து, வாலை உயர்த்தி, ஓட்டமாக ஓடி வரும். வரிசையில் நிற்கத் தெரியாது. தள்ளுமுள்ளு. ஒரு புனல், அதிலிருந்து இறங்கும் ரப்பர் குழாய். குழாயின் நுனி வாய்க்குள் போனதும் குட்டி திடீரென்று சிலைபோல நிற்கும். தும்பிக்கையை நெற்றிக்கு மேல் மடித்து வைத்துக்கொள்ளும். மேலே புனலில் பால் சுழன்று இறங்குவது தெரியும், கீழே தொண்டை ஏறி இறங்குவது தெரியும். வாளி முடிந்ததும் பால்காரர் குழாயை உருவுவார். குட்டிக்கு விளங்காது. காற்றையே கொஞ்ச நேரம் உறிஞ்சும். பிறகு வாயோரம் வழிந்த பாலைத் தும்பிக்கை நுனியால் தடவி எடுத்து மறுபடியும் வாய்க்குள் வைக்கும். "இன்னும்" என்று ஒரு கத்தல். ஆறேழு மாதக் குட்டி ஒன்று போக மறுத்து ஆளின் இடுப்பில் தலையால் முட்டிக்கொண்டே நின்றது. அவர் அதைத் தடவிக் கொடுக்கவில்லை, தோளில் கை வைத்துக் கதவுப் பக்கமாகத் திருப்பிவிட்டார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "ஐயோ, ஒருக்காத் தடவிவிட்டால் என்ன" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்தத் தடவலை அந்த மனிதர் அதனிடமிருந்து மறைத்து வைப்பது அதன் நன்மைக்காகத்தான். நாளைக்கு மனிதனை நம்பி ஊருக்குள் வருகிற யானை வெடிக்குத்தான் பலியாகும்.

குறைகளும் இருக்கின்றன. வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் மேடையில் நெரிசல். ஒலிபெருக்கியில் சொல்லியும் பிள்ளைகள் கத்துவார்கள். உச்சி வெயிலில் தலைக்கு ஒன்றும் இல்லாமல் நின்றால் மண்டை காயும். பால் நேரத்தைத் தவறவிட்டால் வெறும் மேடையைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். ஆகவே முதல் நாளே தங்குமிடத்தில் நேரத்தைக் கேட்டு வையுங்கள்.

உடவளவைக்குப் போவதில் இன்னொரு வசதி, அதே இடத்தில் தேசிய பூங்காவும் இருக்கிறது. வளவை கங்கையை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கத்தைச் சுற்றி 1972இல் பிரகடனம் செய்த, முப்பதாயிரம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம். திறந்த புல்வெளி என்பதால் எந்த மாதத்தில் போனாலும் யானை தெரியும். தண்ணீருக்குள் மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் இன்னும் நிற்கின்றன, அவற்றில் நீர்க்காகங்கள். காலை ஆறு மணிக்கு ஜீப்பில் உள்ளே போய், வெயில் ஏறுமுன் வெளியே வந்து, குளித்துச் சாப்பிட்டு, பால் நேரத்துக்குப் போகலாம். முதலில் காட்டில் பெரிய யானைகளைப் பார்த்துவிட்டு அப்புறம் குட்டிகளைப் பார்ப்பதுதான் நல்ல வரிசை என்பது என் எண்ணம். குட்டி எங்கே போகப்போகிறது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பூங்காவை ஒட்டிய வீதியில் மின்வேலிக்கு அப்பால் யானைகள் வந்து நிற்கும், வீதியோரத்தில் பழம் விற்பார்கள். வாகனத்தை நிறுத்தி வாழைப்பழம் எறிவது பலருக்குப் புண்ணியம் போலத் தோன்றுகிறது. அது புண்ணியமில்லை. பழத்துக்குப் பழகிய யானை வாகனத்தை மறிக்கத் தொடங்கும், பிறகு அதைப் 'பிரச்சினை யானை' என்று பிடித்துக்கொண்டு போவார்கள்.

மின்னேரியா வேறு வகை. ஹபரணைக்குக் கிட்ட உள்ள அந்தத் தேசிய பூங்காவில் அநாதையுமில்லை, பாகனுமில்லை. மகாசேன மன்னன் கட்டிய, 1,700 வருடம் பழமையான குளம் ஒன்று மட்டும்தான். மாரியில் நிரம்புகிற குளம் வயல்களுக்குத் திறந்துவிடத் திறந்துவிட வற்றி, ஆடி ஆவணியில் அடித்தரை வெளியே வரும். அந்த ஈரத்தரையில் இளம்புல் முளைக்கும். சுற்றியுள்ள காடு முழுக்கக் காய்ந்து கிடக்கும்போது பச்சை இருப்பது அந்த ஒரு இடத்தில்தான். கவுடுல்ல, ஹுருலு என்று நாலாபக்கக் காடுகளிலிருந்தும் யானைகள் அங்கே வந்து சேரும். நல்ல வருடங்களில் ஒரே பின்னேரத்தில் முந்நூறு யானைகள் வரை. ஆசிய யானைகள் இவ்வளவு பெருந்தொகையாகக் கூடுவது உலகில் வேறெங்கும் காணக் கிடைக்காத காட்சி.

புல் பிடுங்குவதை அங்கேதான் வடிவாகப் பார்க்கலாம். முன்னங்கால் நகத்தால் புல்லின் அடியைத் தட்டி இளக்கும். தும்பிக்கையால் ஒரு பிடி சுருட்டி எடுக்கும். எடுத்ததை உடனே வாயில் போடாது. முன்னங்காலில் இரண்டு மூன்று தடவை அடித்து வேர்மண்ணை உதறும், சில வேளை தண்ணீரில் அலசும். அப்புறம்தான் வாய்க்குள். பக்கத்தில் நிற்கிற இரண்டு வயதுக் குட்டி அதைப் பார்த்துப் பார்த்துத் தானும் அடிக்கும், புல்லெல்லாம் சிதறிப்போகும், வெறும் தும்பிக்கையை வாயில் வைத்துப் பார்க்கும். தாய் தன் பிடியில் கொஞ்சத்தைக் கீழே விடும். இதையெல்லாம் எந்த அநாதை இல்லத்திலும் பார்க்க முடியாது, ஏனென்றால் இதைக் கற்றுக்கொடுக்கிற தாய் அங்கே இல்லை.

ஆனால் மின்னேரியாவில் தப்பு செய்கிறவர்கள் நாங்கள்தான், பார்வையாளர்கள். ஆகஸ்டில் ஒரு பின்னேரம் ஜீப்புகள் வரிசையாக உள்ளே போகும். இரண்டு வருடங்களுக்கு முன் நான் போன ஜீப்பின் சாரதி, குட்டியோடு நின்ற ஒரு கூட்டத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார். பின்னால் வந்த நான்கு ஜீப்புகளும் அவரைப் பார்த்து அதையே செய்தன. மூத்த பெண் யானை காதை விரித்து இரண்டு எட்டு வைத்தது. குட்டியை மற்றவை நடுவில் தள்ளி மறைத்துக்கொண்டன. சாரதி, "பயப்படாதீங்க, பொய்க்குத்தான் வருது" என்றார். எனக்குப் பயமில்லை, வெட்கமாக இருந்தது. தண்ணீருக்கு வந்தவர்களை மறித்துக்கொண்டு நிற்கிறோமே என்ற வெட்கம். வண்டியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்ட பிறகுதான் எடுத்தார். காட்டு யானையைக் காட்டிலேயே பார்ப்பதால் மட்டும் ஒரு பயணம் நல்லதாகிவிடாது.

இன்னொரு கவலையும் உண்டு. மொரகஹகந்த நீர்த்தேக்கம் வந்தபிறகு கோடையிலும் மின்னேரியாவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். சில வருடங்களில் புல் முளைக்க வேண்டிய தரை தண்ணீருக்குள்ளேயே கிடந்தது. யானைகள் மெலிந்து, ஊர்ப்பக்கம் திரும்பின. விவசாயிக்குத் தண்ணீர் வேண்டும், அதை மறுக்க நான் யார். ஆனால் எந்த மாதத்தில் எவ்வளவு திறப்பது என்பதில் யானைக்கும் ஒரு பங்கு வைக்க முடியும். உங்களைப் பொறுத்தவரை இதன் பொருள்: ஆகஸ்டில் போனால் முந்நூறு யானை நிச்சயம் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. மின்னேரியாவில் தண்ணீர் உயர்ந்திருந்தால் கூட்டம் பக்கத்திலுள்ள கவுடுல்லவுக்குப் போயிருக்கும். மாரி தொடங்கியபிறகு ஹுருலு பக்கம். ஹபரணையில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு அன்றன்றைய நிலவரம் தெரியும். "எந்தப் பூங்கா" என்று முதலே பிடிவாதம் பிடிக்காமல் "இன்றைக்கு எங்கே" என்று கேட்பவர்களுக்கு ஏமாற்றம் குறைவு.

வஸ்கமுவ தேசிய பூங்காப் பக்கம் பற்றியும் இரண்டு வரி. வளர்ந்த பிள்ளைகள் உள்ளவர்கள், நான்கைந்து நாள் ஒதுக்க முடிந்தவர்கள் அங்கே களப்பணிக்குச் சேரலாம். இலங்கை வனஜீவராசிகள் பாதுகாப்புச் சங்கம் அந்தப் பகுதி ஊர்களில் தோடை மரங்களை நட்டு யானைக்கு வேலியாக்கப் பார்க்கிறது. தோடையின் மணம் யானைக்குப் பிடிக்காது, பழத்தை விவசாயி விற்கலாம். யானை கடக்கிற பாதையில் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்காமல் இருக்க ஒரு பஸ்ஸும் ஓடுகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது பொறுமையைச் சோதிக்கும். ஆனால் யானையும் மனிதனும் ஏன் மோதிக்கொள்கிறார்கள் என்று கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அந்த மோதலைச் சொல்லாமல் யானை பார்க்கும் கதையை முடிக்க மனமில்லை. 2011இல் குளங்களுக்கு வருகிறவற்றை எண்ணியபோது நாட்டில் 5,879 யானைகள் இருந்தன. 2023இல் மட்டும் 450க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன, 150க்கும் மேற்பட்ட மனிதர்களும் செத்தார்கள். சுட்டுக் கொல்வது, சட்டவிரோத மின்கம்பி, பூசணிக்காய்க்குள் வைக்கிற வெடி, ரயில். 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பிலிருந்து போன ரயில் ஹபரணைக் காட்டில் ஒரு கூட்டத்தை மோதியதைப் படித்திருப்பீர்கள். மனிதர் இறந்த வீடுகளும் எங்களுடையவைதான், வன்னியிலும் மட்டக்களப்பிலும் அப்படிப்பட்ட வீடுகள் எத்தனையோ. அநாதைக் குட்டிகள் இங்கிருந்துதான் உருவாகின்றன. நீங்கள் கொடுக்கிற நுழைவுக் கட்டணம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

செலவைப் பற்றி அக்கா கேட்டிருந்தாள். கனடாக் கடவுச்சீட்டுக்கு எல்லா இடத்திலும் வெளிநாட்டவர் கட்டணம்தான், எங்களுடையதைவிடப் பல மடங்கு. பூங்காக்களில் நுழைவுச் சீட்டோடு சேவைக் கட்டணம், வரி, ஜீப் வாடகை எல்லாம் சேரும், ஆகவே அவைதான் கூடச் செலவு. ஜீப்பை மொத்தமாக ஒரு குடும்பம் எடுத்தால் சாரதி உங்கள் சொல் கேட்பார். தனித்தனியாக ஆள் சேர்க்கிற ஜீப்பில் யாராவது ஒருவர் "இன்னும் கிட்டப் போங்க" என்பார். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தனி ஜீப் எடுப்பது நல்லது. ஏறுமுன்பே சாரதியிடம் சொல்லிவிடுங்கள்: கிட்டப் போக வேண்டாம், யானை நடக்கிற வழியை மறிக்க வேண்டாம், என்ஜினை நிறுத்திவிடுங்கள், முடிவில் தருகிற சந்தோஷம் இதைப் பார்த்துத்தான். நான் கண்டவரை இது வேலை செய்கிறது. அவர்கள் கிட்டக் கொண்டுபோவது பெரும்பாலும் நாங்கள் அதைத்தான் விரும்புகிறோம் என்று நினைத்துத்தான்.

ஆக, அக்காவுக்கு நான் போட்டுக் கொடுத்த வழி இது. யாழ்ப்பாணத்திலிருந்து ஹபரணை, அங்கே இரண்டு இரவு. இரண்டு பின்னேரங்களில் ஒன்றாவது கைகொடுக்கும். பிறகு கண்டி, எல்ல, அங்கிருந்து இறங்கி உடவளவையில் ஒரு இரவு. காலையில் பூங்கா, பகலில் பால் நேரம், பின்னேரம் கொழும்புக்கு வெளிக்கிடலாம். பின்னவலை இல்லை. அம்மாவும் கூட வருவதால், முழங்கால் வலிக்கு ஜீப் ஒத்துவராது என்றால் அவர் ஹபரணையில் தங்குமிடத்திலேயே இருக்கலாம். உடவளவை மேடைக்கு அவரும் ஆறுதலாக நடந்து வரலாம், ஜீப் தேவையில்லை.

சின்னவளோடு போன ஞாயிறு வீடியோவில் நானே கதைத்தேன். தொட முடியாது என்றதும் முகம் விழுந்துவிட்டது. புனல், குழாய், காற்றை உறிஞ்சுகிற குட்டி என்று எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுக்கு என்ன பேர், சித்தி?" என்றாள். தெரியாது என்றேன். "நான் வரேக்க அது அங்கயே இருக்குமா, காட்டுக்குப் போயிருக்குமா?" அதன் வயதை விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். இந்த ஆகஸ்டில் இன்னும் அங்கேதான் இருக்கும். அடுத்த முறை அவள் வரும்போது இருக்காது.